சுவரின் மறு பாதி

வாஷிங்டன் நகரத்தைப் பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளை மாளிகையைக் காண வேண்டும் என்னும் ஆவலோடுதான் புறப்படுகிறார்கள். நாமும் அவ்வாறே புறப்பட்டோம். ஆனால், ஊர் திரும்பிப் பல நாட்கள் கழிந்த பின்னரும் எமது மனக்கண்ணை விட்டு அகலாதிருப்பது அந்த மாளிகையன்று. அதற்குத் தென்மேற்கே, சிறிது தூரத்தில், புற்றரைக்குள் பாதி புதைந்து கிடக்கும் ஒரு கறுப்புச் சுவரே ஆகும்.

எமது தமக்கையாரின் மகன் தம் குடும்பத்தோடு அந்நகருக்கு அண்மையில் வசிக்கிறார். அவருடைய மகள் உயர்தரப் பாடசாலை மாணவி. பங்குனி மாதத்துக் கடைசி வாரத்தில் நாம் அங்கே போய்ச் சேர்ந்தபோது, அவள் பாடசாலைக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். அயல்நாட்டு யுத்தம் ஒன்றில் அகப்பட்டுக்கொண்ட தேசம், அங்கே நிலைத்திருப்பதா, மீண்டு வருவதா? இதுவே கட்டுரைக்குக் கொடுக்கப்பட்ட பொருள். எடுத்துக்காட்டு, வியட்நாம் யுத்தம்.

"தாத்தா, வாதங்களைப் புத்தகத்தில் படித்தாயிற்று. அவை நடந்த நாட்களைச் சுவரிலே போய்த் தேடிப் பார்க்கும்படி ஆசிரியை சொன்னார். நீங்களும் வருகிறீர்களா?" என்று அவள் கேட்டாள். நாட்களைச் சுவரிலே தேடுவதாவது? எமக்கு அப்போது விளங்கவில்லை. ஆயினும் மறுநாட் காலையிலே, தந்தையும் மகளும் நாமுமாக மூவரும் சுரங்கப் புகையிரதத்தில் ஏறி நகரை அடைந்தோம்.

மாளிகையின் படிகளிலே

வாஷிங்டன் நகரின் நடுவே, கிழக்கு மேற்காக, ஏறத்தாழ இரண்டு மைல் நீளத்துக்கு ஒரு பெரும் புற்றரை விரிந்து கிடக்கிறது. அதன் கிழக்கு அந்தத்தில், சிறு குன்றின்மீது, கெப்பிட்டல் எனப்படும் காங்கிரஸ் மாளிகை வெண்ணிறக் குவிமாடத்தோடு நிற்கிறது. மேற்கு அந்தத்தில், 36 தூண்கள் சூழ்ந்த மண்டபத்தில், ஆபிரகாம் லிங்கன் கல்லாசனத்தில் வீற்றிருக்கிறார். இரண்டுக்கும் இடையில் 555 அடி உயரமான வாஷிங்டன் ஞாபகஸ்தூபி வானளாவி எழுகிறது. நாம் கிழக்கிலிருந்து மேற்காக நடப்பதென்று முடிவு செய்தோம். யுத்தமும் அந்தக் கிழக்கு மாளிகையிலேதானே தொடங்கிற்று!

தொடங்கிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரர் போராடித் தோற்றுக்கொண்டிருந்த 1954ஆம் ஆண்டிலே, இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகிய ஐந்து நாடுகளின் பிரதமர்கள் எமது கொழும்பு மாநகரிற் கூடி, அங்கே யுத்த நிறுத்தம் வேண்டுமென்று கேட்டுக்கொண்டார்கள். அவ்வாண்டு ஜூலையில் ஜெனீவாவில் உடன்பாடு ஏற்பட்டது. 17ஆம் அகலக்கோட்டை எல்லையாக வைத்து வியட்நாம் தற்காலிகமாக இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 1956இல் நடத்துவதாகச் சொன்ன பொதுத்தேர்தல் நடைபெறவே இல்லை. வடக்கிலே கம்யூனிஸ்ட் ஆட்சியும், தெற்கிலே அமெரிக்க ஆதரவு பெற்ற ஆட்சியும் நிலைத்தன. தெற்கின் படைக்குப் பயிற்சியளிக்க அமெரிக்க ஆலோசகர்கள் வந்தனர். முதலிற் சில நூறு பேர், பின்னர்ப் பல ஆயிரம் பேர்.

1964 ஓகஸ்ட் மாதத்தில் ரொங்கின் வளைகுடாவில் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் தாக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. ஓகஸ்ட் 2ஆந் திகதித் தாக்குதல் உண்மையே. 4ஆந் திகதி நடந்ததாகச் சொல்லப்பட்ட இரண்டாவது தாக்குதலோ நடைபெறவே இல்லையென்று பிற்காலத்தில் தெளிவாயிற்று. ஆனால் அன்று எவரும் பொறுத்திருக்கவில்லை. தேவையான நடவடிக்கை அனைத்தையும் எடுக்க ஜனாதிபதி ஜோன்சனுக்கு அதிகாரமளிக்கும் தீர்மானம் ஓகஸ்ட் 7ஆந் திகதி காங்கிரசில் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான விவாதம். ஆதரவு 416, எதிர்ப்பு ஒன்றுமில்லை. செனற் சபையில் ஆதரவு 88, எதிர்ப்பு 2.

அந்த இருவர் ஒரிகன் மாநிலத்து வேய்ன் மோர்ஸ், அலாஸ்கா மாநிலத்து ஏர்னஸ்ட் குரூனிங் ஆகியோர். யுத்தப் பிரகடனம் செய்யும் பொறுப்பை அரசியலமைப்புக் காங்கிரசிடமே ஒப்படைத்திருக்க, அதனைத் தனியொருவர் கையிற் கொடுத்தல் ஆகாது என்று மோர்ஸ் வாதாடினார். தமக்குரியதல்லாத யுத்தத்துக்கு அமெரிக்க இளைஞரை அனுப்பலாகாது என்றார் குரூனிங். கேட்பார் இல்லை. 1968ஆம் ஆண்டுத் தேர்தற் காலத்தில் இருவரும் தம் பதவிகளை இழந்தனர்.

படிகளில் நின்றபடியே எமது பேர்த்தி குறிப்புப் புத்தகத்தைத் திறந்து முதலாவது திகதியைக் காட்டினாள்: 1964 ஓகஸ்ட் 7. "இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தாத்தா. சுவரிலே தேட வேண்டிய முதல் நாள் இதுதான்."

இருப்பதா, மீள்வதா?

அந்தத் தீர்மானத்தைச் செனற் சபையில் முன்னின்று நிறைவேற்றியவர், வெளிநாட்டு விவகாரக் குழுவின் தலைவரான வில்லியம் புல்பிரைட். ஒன்றரை ஆண்டுக்குள்ளே அவருக்கே ஐயம் பிறந்தது. 1966 பெப்ரவரியில் அவர் தமது குழுவின் முன்னிலையிற் பகிரங்க விசாரணை ஒன்றைத் தொடக்கினார். இராஜாங்கச் செயலாளர் டீன் ரஸ்கும், தளபதி மாக்ஸ்வெல் ரெய்லரும் அரசாங்கத்தின் பக்கம் நின்று விளக்கமளித்தனர். சோவியத் விவகாரங்களிற் பழுத்த அனுபவமுடைய ஜோர்ஜ் கென்னன் மறுபக்கத்தை எடுத்துரைத்தார். தவறான நிலையொன்றை விட்டு உறுதியோடு மீண்டு வருவதாற் பெரிய நாடொன்றின் மதிப்புக் குறைந்துவிடாது. பிடிவாதமாக அதிலேயே உழல்வதாலேயே குறையும் என்பது அவர் கூற்றின் சாரம்.

விசாரணை தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. கென்னன் பேசிக்கொண்டிருந்த வேளையில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அதை விட்டுப் பழைய நகைச்சுவை நாடகமொன்றை ஒளிபரப்பியது. அதைப் பொறுக்க மாட்டாமல் அந்நிறுவனத்தின் செய்திப் பகுதித் தலைவர் பிரெட் பிரெண்ட்லி தமது பதவியையே துறந்தார். வீட்டு மண்டபத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தாய்மார்கள், தம் பிள்ளைகள் போய்க்கொண்டிருக்கும் யுத்தத்தைப் பற்றிக் கற்றோர் இரு கூறாகப் பிரிந்து வாதிடுவதை அன்றுதான் முதன்முதலிற் கண்டார்கள்.

இரு பக்கத்து வாதங்களையும் நேர்மையோடு நிறுத்துப் பார்ப்பது மாணவர்க்கு நல்ல பயிற்சி. இருக்க வேண்டும் என்றவர்கள் கொடியவர்கள் அல்லர். ஒரு நாடு வீழ்ந்தால் அயல்நாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்யூனிஸ்ட் ஆட்சிக்குள் வீழும் என்று அவர்கள் அஞ்சினார்கள். வாக்களித்துவிட்டு விலகினால் இனி எமது வாக்கை எவர் நம்புவார் என்று கேட்டார்கள். எம்மை நம்பி எம்மோடு நின்ற தென்வியட்நாம் மக்களை எவரிடம் விட்டுவிட்டு வருவது என்றும் கேட்டார்கள். சிறைப்பட்ட போர்வீரரை மீட்காமல் வருவது எப்படி என்றும் கேட்டார்கள். இவற்றுக்கெல்லாம் மேலாக, ஏற்கெனவே மாண்டவர்களின் சாவு வீணாகிவிடக் கூடாது என்றார்கள். மகனை இழந்த ஒரு தாயின் முன்னே இந்தக் கடைசி வாதத்தை மறுத்துரைக்க எவருக்கு நா எழும்?

மீள வேண்டும் என்றவர்களின் நியாயங்களும் வலியனவே. இது ஒரு நாட்டு மக்களுக்குள்ளே மூண்ட போர். அயலார் புகுந்து அதைத் தீர்த்தல் இயலாது என்றார்கள். காக்க வந்த கிராமங்களையே குண்டுகளால் எரிப்பது காவலாகுமா என்றார்கள். உள்நாட்டு வறுமையை ஒழிக்க வேண்டிய பணம் காடுகளிற் கரிந்துபோகிறது என்றார்கள். வெற்றி என்றால் என்ன, அது எப்போது வரும் என்று கேட்டால் விடை சொல்வார் இல்லையே என்றார்கள். மாண்டவர்களின் பேரால் மேலும் பலரைச் சாகவிட்டால், அந்தப் புதியவர்களின் பேரால் இன்னும் எத்தனை பேரைக் கேட்பீர்கள் என்றார்கள்.

இந்த வாதம் மாளிகைக்குள் அடங்கிவிடவில்லை. 1971 ஏப்ரல் 22ஆந் திகதி, போர்முனையிலிருந்து திரும்பிய ஜோன் கெரி என்னும் 27 வயதுக் கடற்படை உத்தியோகத்தர் புல்பிரைட்டின் குழு முன் வந்து சாட்சியமளித்தார். தவறென்று தெரிந்துவிட்ட காரியம் ஒன்றுக்காகக் கடைசியாக உயிர்விடும்படி ஒரு மனிதனை எப்படிக் கேட்பது என்பதே அவர் எழுப்பிய வினாவின் கருத்து. மறுநாள், போரிலே கலந்துகொண்ட நூற்றுக்கணக்கானோர் ஒருவர்பின் ஒருவராக வந்து, தாம் பெற்ற பதக்கங்களை மாளிகையின் முன்னே வேலிக்கு மேலாக வீசி எறிந்தார்கள். எறிந்தவர்களுட் பலர் அழுதார்கள். நாம் நின்ற நேரத்திலே அந்தப் பக்கத்திற் சுற்றுலா வந்த பாடசாலைச் சிறுவர்கள் வரிசையாக உட்கார்ந்து மதியத்துக்குக் கொண்டுவந்த பாண்பொதிகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்து வந்த பெயர்கள்

புற்றரை வழியே மேற்கு நோக்கி நடந்து ஞாபகஸ்தூபியை அடைந்தோம். செர்ரிப் பூக்களின் இதழ்கள் காற்றிலே பறந்து வந்து பாதையெங்கும் வெண்மையாகச் சிதறிக் கிடந்தன. ஸ்தூபியின் அடியில் நின்று வடக்கே நோக்கினால் வெள்ளை மாளிகை தெரிகிறது.

அந்த மாளிகைக்குள்ளும் வாதம் நடந்தது. 1965 ஜூலையில், மேலும் படை அனுப்புவதா என்று ஜோன்சன் ஆலோசித்தபோது, இராஜாங்க உபசெயலாளர் ஜோர்ஜ் போல் ஒருவரே நட்டத்தைச் சகித்துக்கொண்டு வெளியேறும் வழியைத் தேடும்படி வற்புறுத்தினார். ஜனாதிபதி அவர் சொன்னதைப் பொறுமையோடு கேட்டார். கேட்டபின், ஜூலை 28ஆந் திகதி, 75,000 ஆக இருந்த படையை 125,000 ஆகப் பெருக்கப் போவதாக அறிவித்தார். 1969 ஏப்ரலில் அத்தொகை 543,000ஐ எட்டியது.

1968 ஆரம்பத்தில், வியட்நாமியரின் புத்தாண்டுத் தினத்தையொட்டித் தெற்கின் நகரங்கள் பலவும் ஒரே வேளையிற் தாக்கப்பட்டன. வெற்றி அண்மிவிட்டது என்று கேட்டுப் பழகிய மக்கள் திகைத்துப் போனார்கள். மார்ச் 31ஆந் திகதி இரவு ஜோன்சன் தொலைக்காட்சியில் தோன்றி, குண்டுவீச்சைக் குறைப்பதாகவும் சமாதானம் பேச ஆயத்தமென்றும் கூறி, தாம் மீண்டும் தேர்தலிற் போட்டியிடப் போவதில்லை என்றும் அறிவித்தார். மே மாதத்திற் பாரிஸ் நகரிற் பேச்சுவார்த்தை தொடங்கிற்று. இனி மீள்வதுதான் என்று பலரும் எண்ணினார்கள்.

பின்வந்த ஜனாதிபதி நிக்சன், கௌரவமான சமாதானத்தோடு மீள்வதே தமது நோக்கம் என்றார். 1969 ஜூனில் முதற்பகுதியாக 25,000 பேரைத் திருப்பியழைப்பதாக அறிவித்தார். தென்வியட்நாம் படையைப் பலப்படுத்திப் பொறுப்பைச் சிறிது சிறிதாக அதனிடம் கொடுத்துவிட்டு வருவது அவருடைய திட்டம். திடீரென்று விலகினால் அங்கே பெரும் படுகொலை நேரும் என்பது அவர் சொன்ன காரணம். எவ்வளவு மெதுவாக மீள்வது என்பதே அதன் பின்னர் விவாதமாயிற்று.

1969 நொவெம்பர் மாதத்துக் குளிரிலே, நாம் நின்ற இந்தப் பகுதியில் ஒரு விசித்திரமான ஊர்வலம் நடந்தது. ஆற்றுக்கு அப்பாலுள்ள ஆர்லிங்ரன் மயானத்தருகே தொடங்கி, வெள்ளை மாளிகை வாயிலைக் கடந்து, காங்கிரஸ் மாளிகைவரை, இரவும் பகலுமாக நாற்பதினாயிரம் பேர் ஒருவர்பின் ஒருவராக நடந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மெழுகுதிரி. கழுத்திலே ஒரு அட்டை. அட்டையிலே போரில் மாண்ட ஒருவரின் அல்லது அழிந்த வியட்நாமியக் கிராமம் ஒன்றின் பெயர். வெள்ளை மாளிகையைக் கடக்கும்போது அப்பெயரை ஒருமுறை உரத்துச் சொல்லிவிட்டு, வழி முடிவில் அட்டையைச் சவப்பெட்டிக்குள் இட்டார்கள். 15ஆந் திகதி, ஸ்தூபியைச் சுற்றி இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜனத்திரள் கூடிற்று.

காங்கிரசிலும் மீளும் முயற்சி நடந்தது. 1971 முடிவுக்குள் படையனைத்தையும் திருப்பியழைக்க வேண்டுமென்று மக்கவர்ன், ஹட்பீல்ட் என்னும் இரு செனற்றர்கள் திருத்தம் கொண்டுவந்தனர். முன்னவர் இரண்டாம் உலகப் போரிற் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். பின்னவர் அணுகுண்டு வீழ்ந்து சில வாரங்களில் ஹிரோஷிமாவை நேரிற் கண்ட கடற்படை உத்தியோகத்தர். இந்தச் சபையிலுள்ள ஒவ்வொருவருக்கும் இளைஞரின் சாவிற் பங்குண்டு என்று மக்கவர்ன் சொன்னபோது சபை ஸ்தம்பித்தது. ஆயினும் 1970 செப்டெம்பர் 1ஆந் திகதி அத்திருத்தம் 39க்கு 55 என்ற வாக்குகளால் தோற்றது.

கறுப்புக் கல்

ஸ்தூபியைக் கடந்து, நீள்சதுரக் குளத்தின் வடபுறமாக நடந்தோம். மரங்களுக்கிடையே புற்றரை திடீரெனத் தாழ்கிறது. தாழ்ந்த இடத்தின் ஓரமாக, நிலத்தை வெட்டிச் சாய்த்ததுபோல அந்தச் சுவர் நிற்கிறது. உயர்ந்த கோபுரம் இல்லை. குதிரைமேற் சேனாபதி இல்லை. கொடி பொறித்த வளைவு இல்லை. இரண்டு சிறகுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 247 அடி நீளம். அந்தங்களிற் கணுக்கால் அளவே உள்ள சுவர், நடுவிலே இரு சிறகுகளும் கூடும் இடத்திற் பத்தடிக்கு மேல் உயர்கிறது. ஒரு சிறகு வாஷிங்டன் ஸ்தூபியை நோக்குகிறது. மற்றது லிங்கன் மண்டபத்தை நோக்குகிறது.

போரிலே காயமுற்றுத் திரும்பிய ஜான் ஸ்க்ரக்ஸ் என்பவர் முன்னின்று, பொதுமக்களிடம் பணம் திரட்டி இதனைக் கட்டுவித்தார். வந்து குவிந்த 1,421 வரைபடங்களுள் தெரிவானது, யேல் சர்வகலாசாலை மாணவி மாயா லின் வரைந்தது. அவருக்கு அப்போது வயது 21. இது ஞாபகச்சின்னமா, அவமானச்சின்னமா என்று பெருஞ் சர்ச்சை மூண்டது. யுத்தத்தைப் பற்றிய விவாதம் ஓய்ந்தும், அதன் சுவரைப் பற்றிய விவாதம் ஓயவில்லை. முடிவிலே, 1982 நொவெம்பர் 13ஆந் திகதி சுவர் திறந்துவைக்கப்பட்டது. சர்ச்சையைத் தணிப்பதற்காக மூன்று போர்வீரரின் வெண்கலச் சிலையொன்று 1984இல் அருகே நிறுவப்பட்டது. சுவரின் கறுப்புக் கருங்கல் தென்னிந்தியாவிலே, பெங்களூரிலிருந்து வந்தது என்று அறிந்தபோது, அந்நிய மண்ணில் ஓர் உறவினரைக் கண்டதுபோல எமக்கு இருந்தது. கல் கண்ணாடிபோல மினுக்கப்பட்டிருக்கிறது. பெயர்களைப் படிக்கக் குனிந்தால், அவற்றினூடே எமது முகமே எம்மைத் திரும்பிப் பார்க்கிறது.

சுவரில் 58,000க்கு மேற்பட்ட பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றுள் எட்டு, தாதிமாராகச் சென்ற பெண்களுடையவை. பதவியும் பட்டமும் ஒருவருக்கும் இல்லை. அகரவரிசையும் இல்லை, மாண்ட நாளின் வரிசையே வரிசை. ஆசிரியை நாட்களைச் சுவரிலே தேடும்படி சொன்னதன் பொருள் இப்போது விளங்கிற்று. அங்கே தொண்டு செய்யும் முதியவர் ஒருவர், பெயர்ப் புத்தகத்தைப் புரட்டிப் பலகை இலக்கங்களைக் கண்டுபிடிக்க எமது பேர்த்திக்கு உதவினார்.

வரிசை நடுவிலே, 1959 என்ற இலக்கத்தின் கீழே தொடங்கி, வலப்புறமாக, கிழக்குச் சிறகின் முனைவரை செல்கிறது. அங்கே அறுபட்டு, மேற்குச் சிறகின் முனையில் மீண்டும் தொடங்கி, நடுவை நோக்கித் திரும்பி வந்து, 1975இல் முடிகிறது. முதற் பெயரும் கடைசிப் பெயரும் பக்கத்துப் பக்கத்துப் பலகைகளில் இருக்கின்றன.

முதலாவது திகதி, 1964 ஓகஸ்ட் 7. 416 பேர் ஒரு மனதாகக் கைதூக்கிய அந்த நாள், முதற் பலகைக்குள்ளேயே அடங்கிவிட்டது! அவ்வாண்டு முடிவுவரை மாண்ட அமெரிக்கர் சுமார் 400 பேரே. அன்று திரும்பியிருந்தால் இந்தச் சுவர் ஒரு பலகைதான். கென்னன் சாட்சியமளித்த 1966 பெப்ரவரியும் அதிக தூரத்தில் இல்லை. சில எட்டுக்களில் வந்துவிட்டது. அதன் பின்னர்ப் பலகைகள் நீளுகின்றன. 1966இல் 6,000க்கு மேல். 1967இல் 11,000க்கு மேல். 1968இல் ஏறத்தாழ 16,900 பேர். நாம் நடக்க நடக்கச் சுவர் தாழ்ந்துகொண்டே வந்து, கடைசியில் எமது காலடியிலே ஒரு சாண் அளவாகி முடிந்தது. அந்த முனையில் நின்று எமது பேர்த்தி திகதியைப் பார்த்தாள்: 1968 மே 25.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், குறிப்புப் புத்தகத்தையும் எதிரே மறுமுனையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தாத்தா, பாரிஸிலே சமாதானம் பேசத் தொடங்கினது இதே மாதந்தானே? அப்படியென்றால் அந்தப் பக்கத்துச் சுவர் முழுவதும் அதற்குப் பிறகா?" என்று கேட்டாள்.

ஆம், முழுவதும் அதற்குப் பிறகுதான். மீள வேண்டும் என்று நாடு ஏறத்தாழ முடிவு செய்துவிட்ட பின்னர், எப்படி மீள்வது, எப்போது மீள்வது, எந்த முகத்தோடு மீள்வது என்று விவாதித்துக்கொண்டிருந்த காலத்தின் பெயர்களே மேற்குச் சிறகில் நிரம்பியிருக்கின்றன. சுவரின் மறு பாதி அது. 1969 முதல் 1972 வரையில் மாத்திரம் 21,000க்கு மேற்பட்டோர். மக்கவர்னின் திருத்தம் தோற்ற நாளும், கெரி தமது வினாவை எழுப்பிய நாளும் அந்தப் பாதியிலேதான் இருக்கின்றன. இருவருக்கும் பின்னரும் பெயர்கள் தொடர்கின்றன.

எம் மருகர் இதுவரை ஒன்றும் பேசாமல் வந்தவர், "மாமா, புகுவதற்கு ஒரு மணி நேர விவாதம் போதுமாயிருந்தது. வெளியே வருவதற்கு எட்டரை வருஷம் சென்றிருக்கிறது" என்றார். 1973 ஜனவரி 27ஆந் திகதி பாரிஸ் உடன்படிக்கை கைச்சாத்தாகி, மார்ச் 29ஆந் திகதி கடைசிப் போர்ப்படை வெளியேறியது. சிறைப்பட்டிருந்த 591 பேர் வீடு திரும்பினர். அவ்வாண்டு ஓகஸ்ட் 15க்குப் பின் இந்தோசீனாவில் இராணுவ நடவடிக்கைக்குப் பணமில்லை என்று காங்கிரஸ் சட்டமியற்றியது. இனிமேல் எந்த ஜனாதிபதியும் காங்கிரசின் சம்மதமின்றி அறுபது நாட்களுக்கு மேல் படையைப் போரில் ஈடுபடுத்தலாகாது என்னும் சட்டமும் நொவெம்பரில், நிக்சனின் மறுப்பையும் மீறி நிறைவேறியது.

எழுதப்படாத பெயர்கள்

சுவரோரத்தில் யாரோ ஒருவர் வைத்துவிட்டுப் போன கடிதமொன்றும், பழைய சப்பாத்து ஒன்றும், வாடிய ரோசாப்பூவும் கிடந்தன. ஒரு மூதாட்டி பெயரொன்றின்மீது கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்து அதன் படியை எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெயரைப் பார்க்க எமக்குத் துணிவு வரவில்லை.

இச்சுவரில் இல்லாத பெயர்களையும் நினைத்துக்கொள்ளல் வேண்டும். அந்த யுத்தத்தில் 20 இலட்சம் பொதுமக்களும் 11 இலட்சம் போராளிகளும் மாண்டதாக வியட்நாம் அரசாங்கம் 1995இல் மதிப்பிட்டது. எதிரணியிலே நின்ற தென்வியட்நாம் படையினருள் மாண்ட இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அக்கணக்குக்குப் புறம்பு. அத்தனை பெயரையும் இதே அளவில் வெட்டுவதாயின், சுவர் இந்தப் புற்றரையின் இரண்டு மைலையும் தாண்டிப் போய்விடும்.

மீள்வதற்கும் விலை இருந்தது. 1975 ஏப்ரலில், தென்வியட்நாமுக்கு 72 கோடி 20 இலட்சம் டொலர் இராணுவ உதவி கொடுக்கும்படி ஜனாதிபதி போர்ட் கேட்டபோது காங்கிரஸ் இணங்கவில்லை. 30ஆந் திகதி சைகோன் வீழ்ந்தது. அமெரிக்கரை நம்பி நின்றவர்கள் இலட்சக்கணக்கில் மறுகல்வி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 8 இலட்சம் பேர் படகுகளில் அயல்நாடுகளைச் சென்றடைந்தார்கள். வேறு பெருந்தொகையினர் கடலிலே மாண்டார்கள். விட்டுவிட்டு வருவது எவரிடம் என்று கேட்டவர்களின் அச்சம் வெறும் சாட்டு அன்று என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சபைகள் விவாதிப்பது ஓரிடத்திலே. அதன் விளைவை அனுபவிப்பது வேறோர் இடத்திலே. இதை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1987 முதல் 1990 வரை எமது மண்ணிலும் ஓர் அயல்நாட்டுப் படை நின்றது. நிற்பதா, மீள்வதா என்று தில்லியிலும் சென்னையிலும் வாதாடினார்கள். அந்தச் சொற்கள் எமது வேலியோரங்களுக்கு வந்து சேர்வதற்குள் பல வீடுகளில் விளக்கு அணைந்திருந்தது.

லிங்கனின் காலடியில்

மாலை வெயிலிலே லிங்கன் மண்டபத்தின் படிகளில் ஏறி அமர்ந்தோம். 1970 மே 9ஆந் திகதி, விடியற்சாமத்தில், நிக்சன் உறக்கமின்றி எழுந்து சில காவலரோடு இந்தப் படிகளுக்குத்தான் வந்தார். கம்போடியாவுக்குள்ளும் படை புகுந்ததைக் கண்டித்து நடந்த கூட்டத்தின்போது மாணவர் நால்வர், ஐந்து நாட்களுக்கு முன்னர் ஒஹையோ மாநிலத்துக் கென்ட் நகரிற் சுடப்பட்டு மாண்டிருந்தனர். நாடெங்கிலுமிருந்து வந்த மாணவர்கள் இங்கே படுத்துக் கிடந்தார்கள். ஜனாதிபதி அவர்களிடம் யுத்தத்தைப் பற்றிச் சிறிதும், பிரயாணத்தைப் பற்றியும் விளையாட்டைப் பற்றியும் அதிகமும் பேசினார். இரு பக்கத்தாரும் எதிரெதிரே நின்றும், ஒருவர் மனத்தை மற்றவர் தொடவில்லை.

பின்னே கல்லாசனத்தில் வீற்றிருக்கும் லிங்கனும் ஒருகாற் காங்கிரசில் இத்தகைய வினாவை எழுப்பியவரே. 1847 டிசெம்பரில், மெக்சிக்கோ யுத்தத்தின்போது, அமெரிக்க மண்ணில் இரத்தம் சிந்தப்பட்டதாக ஜனாதிபதி போல்க் சொன்னாரல்லவா, அந்த இடம் எது, காட்டுங்கள் என்று கேட்டார், முதன்முறையாகச் சபைக்கு வந்திருந்த அந்த இளம் பிரதிநிதி. பலர் அவரைப் பரிகசித்தனர். ரொங்கின் தீர்மானத்தின்போது அப்படிக் கேட்டோர் இன்னும் சிலர் இருந்திருந்தால் என்று எமக்குத் தோன்றிற்று. 2021 ஓகஸ்டில், இருபது ஆண்டுகளுக்குப் பின் ஆப்கானிஸ்தானிலிருந்து கடைசி அமெரிக்கப் படைவீரர் புறப்பட்டபோதும் இதே வாதங்கள், ஏறத்தாழ இதே சொற்களில், இதே மாளிகையிற் கேட்டன.

ஆறுதலான செய்தியொன்றும் உண்டு. யுத்தத்தை எதிர்த்துச் சாட்சியமளித்த ஜோன் கெரியும், ஐந்தரை ஆண்டுகள் ஹனோயிற் சிறையிருந்தும் அந்த யுத்தத்தை விட்டுக்கொடுத்துப் பேசாத ஜோன் மெக்கெயினும் பிற்காலத்தில் செனற் சபையில் ஒருங்கே அமர்ந்தார்கள். ஒருவர் கருத்தை மற்றவர் ஏற்றார் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் இருவரும் ஒன்றாக உழைத்தார்கள். 1995 ஜூலையில் அமெரிக்காவும் வியட்நாமும் மீண்டும் உறவு பூண்டதில் இருவருக்கும் பெரும் பங்குண்டு.

"கட்டுரையின் முடிவை எப்படி எழுதப் போகிறாய், பிள்ளை?" என்று கேட்டோம்.

அவள் குறிப்புப் புத்தகத்தை மூடினாள். "இருப்பதா, மீள்வதா என்ற கேள்வியை முதற் பலகையிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று எழுதப் போகிறேன், தாத்தா. பிறகு கேட்டால் எந்த விடை சொன்னாலும் யாரோ சாகிறார்கள்" என்றாள்.

அதற்குமேல் நாம் சேர்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. படிகளை விட்டு இறங்கிப் புகையிரத நிலையத்தை நோக்கி நடந்தோம். மரங்களுக்கிடையே, அந்தி வெளிச்சத்தில், சுவரின் மேற்கு முனை சிறிது நேரம் தெரிந்து, பின்னர் மறைந்தது.